தீவுகளில் காய்ச்சலும் விரைவுச் சோதனையும்

(பொதுச் சுகாதார அலுவலர்களுக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் ஆற்றிய உரை)



ஒரு காய்ச்சலின் உண்மைப் பெயரை அறிய அந்தமான் தீவுகள் ஐந்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அந்த வரலாற்றிலிருந்து இவ்வுரையைத் தொடங்குவது பொருத்தமெனக் கருதுகிறேன். 1988ஆம் ஆண்டு முதல், வட அந்தமானின் டிக்லிபூர் வட்டாரத்தில், மழைக்காலத்தையொட்டி ஒரு கொடிய காய்ச்சல் தலைகாட்டியது. கடுஞ்சுரம், தலைவலி, உடல்வலி என்று சாதாரணமாகத் தொடங்கும், பின்னர் இருமலில் இரத்தம் வரும், மூச்சுத் திணறும், சிலர் ஓரிரு நாட்களுக்குள் இறந்துபடுவர். நோயின் காரணம் தெரியாத நிலையில் 'அந்தமான் இரத்தப்போக்குக் காய்ச்சல்' என்ற பெயர் அதற்கு வழங்கலாயிற்று. இத்தகைய பெயரைக் கேட்டவுடன் ஏதோ ஒரு புதிய வைரஸ் என்ற எண்ணம் எழுவது இயல்பே. 1993இல் நோய் மீண்டும் பரவியபோது, அன்றைய போர்ட் பிளேரில் இயங்கிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையத்தினர் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தனர். காரணம் வைரஸ் அன்று, லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா என்பது புலனாயிற்று. மருத்துவர் சேகலும் அவருடைய குழுவினரும் 1995இல் இதனை வெளியிட்டனர். நாம் எலிக்காய்ச்சல் என்று வழங்கும் நோயே நுரையீரலைத் தாக்கி இரத்தம் கசியச் செய்திருந்தது.

இதில் வியப்புக்குரிய மற்றொன்றும் உண்டு. இத்தீவுகளில் லெப்டோஸ்பைரா நோய் இருப்பதை டெய்லர், கோயல் என்னும் இருவர் 1931லேயே விரிவாக எழுதி வைத்திருந்தனர். கைதிகள் குடியிருப்பாக அந்தமான் இருந்த காலம் அது. அறுபதாண்டுகளில் அவ்வறிவு மறைந்து போய், நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதாயிற்று. நூலகத்தில் உறங்கும் நூல் நோயாளியின் படுக்கையருகே வருவதில்லை.

வைரஸ் நோய்களுக்கான சோதனையைப் பற்றிப் பேச வந்தவன் பாக்டீரியாவின் கதையைச் சொல்வானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. இன்று இத்தீவுகளின் ஒரு சிற்றூரில் காய்ச்சலுடன் வருகின்ற ஒருவருக்கு டெங்கு இருக்கலாம், சிக்குன்குனியா இருக்கலாம், எலிக்காய்ச்சல் இருக்கலாம், நிக்கோபார் பகுதியாயின் மலேரியாவும் இருக்கலாம், 2020க்குப் பின்னர் கொரோனாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்களில் இவை யாவும் ஒரே முகத்துடன் வருகின்றன. சிக்குன்குனியா 2006இல் இத்தீவுகளில் பெருமளவில் பரவியது. டெங்கு 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் ஆய்வுக்கூடச் சான்றுடன் இங்கு உறுதிப்பட்டது. இவற்றைப் பிரித்தறியத் தக்க ஆய்வுக்கூடமோ பெரும்பாலும் தலைநகரிலேயே உள்ளது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அத்தலைநகருக்கும் தெற்குக் கோடியில் உள்ள கேம்பல் விரிகுடாவுக்கும் இடையே கப்பல் பயணம் ஒரு நாளைக்கு மேல் ஆகும். கடல் கொந்தளித்தால் அதுவும் நிச்சயமில்லை. ஆகவே, விரல்நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, இருபது நிமிடங்களில் விடை சொல்லும் சிறிய பிளாஸ்டிக் அட்டை தீவு மருத்துவருக்கு எத்துணைப் பெரிய வரமாகத் தோன்றும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரத்தின் அளவு என்ன, எல்லை எங்கே என்பதுதான் இன்றைய பொருள்.

முதலில் அவ்வட்டை செயற்படும் விதத்தைக் காண்போம். உடலுக்குள் ஒரு வைரஸ் புகுந்தால், அதனை எதிர்க்க உடல் சில புரதங்களை உண்டாக்குகிறது. ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்கள் அவையே. முதலில் தோன்றுவது பெரும்பாலும் ஐ.ஜி.எம். என்ற வகை, நெடுங்காலம் தங்குவது ஐ.ஜி.ஜி. என்ற வகை. அட்டைக்குள் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் மெல்லிய பட்டை உண்டு. அதன் தொடக்கத்தில், வைரஸின் புரதம் பூசப்பட்ட மிக நுண்ணிய தங்கத் துகள்கள் காத்திருக்கின்றன. இரத்தத்துடன் சில துளி கரைசல் சேர்ந்ததும், மை உறிஞ்சும் தாளில் ஈரம் ஏறுவது போல் நீர் பட்டையில் ஊர்ந்து செல்கிறது. இரத்தத்தில் உரிய எதிர்ப்பொருள் இருப்பின் அது தங்கத் துகளைப் பற்றிக்கொண்டு, சோதனைக் கோடு உள்ள இடத்தில் சிக்கிக்கொள்கிறது. செந்நிறக் கோடு தோன்றுகிறது. அதற்கப்பால் கட்டுப்பாட்டுக் கோடு ஒன்றும் உண்டு. இந்த இரண்டாம் கோடு நீர் ஒழுங்காக ஓடியது என்பதை மட்டுமே காட்டும். விடை சரியானது என்பதற்கு அது சான்று ஆகாது. பயிற்சி பெற்ற பணியாளர் சிலரும் இதனை மாற்றிப் புரிந்துகொள்வதுண்டு.

இங்குக் கருதத்தக்கது ஒன்று. இச்சோதனை வைரஸைத் தேடுவதில்லை. வைரஸ் வந்ததற்கு உடல் அளித்த மறுமொழியைத் தேடுகிறது. திருடன் வீட்டினுள் இருக்கிறானா என்று பார்ப்பது வேறு. அண்டை வீட்டார் கூச்சலிட்டார்களா என்று விசாரிப்பது வேறு. கூச்சல் பிந்தி எழலாம். திருடன் போன பின்னும் ஓயாதிருக்கலாம். வேறொருவனைக் கண்டும் எழலாம். எதிர்ப்பொருள் சோதனையின் பிழைகள் அனைத்தும் ஏறத்தாழ இம்மூன்றுள் அடங்கும்.

பிந்தி எழும் கூச்சலை முதலில் எடுத்துக்கொள்வோம். கொரோனா எதிர்ப்பொருள் சோதனைகள் பற்றிய ஆய்வுகளை ஒருங்கே திரட்டி, காக்ரேன் அமைப்பு 2020 ஜூனில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. நோய் அறிகுறி தோன்றிய முதல் வாரத்தில், நோயுள்ளவர்களுள் 30.1 விழுக்காட்டினரை மட்டுமே சோதனைகள் கண்டறிந்தன. இரண்டாம் வாரத்தில் அது 72.2 விழுக்காடாயிற்று. மூன்றாம் வாரத்தில் 91.4 விழுக்காட்டை எட்டியது. சோதனை அதேதான், நோயும் அதேதான், நாள் மட்டுமே வேறு. ஆகவே ஒரு சோதனையின் உணர்திறன் 90 விழுக்காடு என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைக் காணும்போது, நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி 'எந்த நாளில்?' என்பதே. நோயாளி மருத்துவரிடம் வருவது மூன்றாம் வாரத்திலா? காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ அன்றோ? தொற்றைப் பிறருக்கு மிகுதியாகப் பரப்புவதும் அந்நாட்களில்தான். சோதனை பார்வையற்றிருக்கும் வேளையும் பார்வை தேவைப்படும் வேளையும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

இந்தப் பின்னணியில் 2020 ஏப்ரல் மாத நிகழ்ச்சிகளை நினைவுகூர்தல் வேண்டும். அன்று மாணவராயிருந்தோர் பலருக்கு அவை செய்தித்தாள் தலைப்புகளாக மட்டுமே நினைவிருக்கும். ஆர்.டி.பி.சி.ஆர். சோதனைக்கான பொருள்கள் அரிதாயிருந்த நேரம். சீனாவின் இரு நிறுவனங்களான குவாங்சோ வோண்ட்ஃபோ, ஜூஹாய் லிவ்சான் ஆகியவற்றிலிருந்து சுமார் 5 லட்சம் விரைவு எதிர்ப்பொருள் கருவிகள் ஏப்ரல் நடுவில் நாட்டிற்கு வந்து சேர்ந்தன. காய்ச்சல் கண்டு ஏழு நாட்களுக்குள் வருவோர்க்கு ஆர்.டி.பி.சி.ஆர்., ஏழு நாட்களுக்குப் பின் வருவோர்க்கு எதிர்ப்பொருள் சோதனை என்பதே தொற்று மிகுந்த பகுதிகளுக்கு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த நெறி. சில நாட்களுக்குள் இராஜஸ்தான் அரசு ஒரு செய்தியை அறிவித்தது: 90 விழுக்காடு துல்லியம் எதிர்பார்த்த இடத்தில் 5.4 விழுக்காடுதான் கிடைத்தது. ஏப்ரல் 21 அன்று ஆராய்ச்சிக் கழகம், இரண்டு நாட்களுக்குச் சோதனையை நிறுத்தி வைக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. தொற்று உறுதியானவர்களிடம் இக்கருவிகளின் துல்லியம் 6 முதல் 71 விழுக்காடு வரை வேறுபடுவதாக மருத்துவர் கங்காகேத்கர் அன்று செய்தியாளர்களிடம் தெரிவித்தார். ஏப்ரல் 27 அன்று, அவ்விரு நிறுவனங்களின் கருவிகளைப் பயன்படுத்த வேண்டா, திருப்பி அனுப்புக என்ற ஆணை வந்தது. தமிழ்நாடும் தனக்கு வந்த 24,000 கருவிகளைத் திருப்புவதாக அறிவித்தது. நிறுவனங்களோ தம் பொருளில் குறையில்லை, பயன்படுத்திய முறையே காரணம் என்றன.

இவ்வழக்கில் நான் கூறும் கருத்து இது: முதல் வாரத்து நோயாளிகளிடம் 30 விழுக்காடு கிடைத்திருப்பின், கருவியைக் குறை கூற இயலாது, அதன் இயல்பு அதுவே. 5.4 என்பது அந்த இயல்பிற்கும் வெகு கீழே உள்ளது. அதனை நாட்கணக்கால் மட்டும் விளக்கிவிட முடியாது. அதே சமயம், 6 முதல் 71 வரை என்ற அகன்ற இடைவெளியைக் கருவியின் தரத்தால் மட்டும் விளக்கிவிடவும் முடியாது. யாரை, எந்த நாளில், எவ்வகையில் சோதித்தார்கள் என்பதும் அதனுள் கலந்திருக்கிறது. நாளைக் குறிக்காமல் எடுத்த கணக்கு, வாதிக்கும் பயன்படவில்லை, பிரதிவாதிக்கும் பயன்படவில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் அதே மாதம் 8ஆம் நாள் வெளியிட்ட குறிப்பில், இத்தகைய விரைவுச் சோதனைகளை ஆராய்ச்சிக்கன்றி நோயாளியின் சிகிச்சை பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்த வேண்டா என்று முன்னரே கூறியிருந்தது என்பதையும் சேர்த்து நோக்குக.

இனி இரண்டாவது இடர். இது கணக்கு சார்ந்தது, ஆயினும் கடினமன்று. கரும்பலகை இல்லாவிடினும் மனத்தில் எழுதிக்கொள்ளலாம்.

ஒரு சோதனை, நோயுள்ளவர் நூற்றுவரில் 90 பேரைக் கண்டுபிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். இது உணர்திறன். நோயற்றவர் நூற்றுவரில் 98 பேரை நோயற்றவர் என்றே சொல்லும்; இருவரை மட்டும் தவறாக நோயாளி என்னும். இது பிரித்தறியும் திறன். கடையில் இதனினும் சிறந்த கருவி எளிதிற் கிடைக்காது. இதனை ஒரு தீவின் மக்கள் 1,000 பேருக்குச் செய்கிறோம். அவர்களுள் உண்மையில் தொற்றுள்ளவர் 10 பேர். சோதனை 9 பேரைக் கண்டுபிடிக்கிறது. எஞ்சிய 990 பேரில் நூற்றுக்கு இருவர் வீதம் ஏறத்தாழ 20 பேர் தவறாக அகப்படுகின்றனர். ஆக, கோடு தோன்றியவர் 29 பேர். அவருள் மெய்யான தொற்றுள்ளவர் 9 பேர் மட்டுமே. கோடு தோன்றிய மூவரில் இருவர் நோயற்றவர். அதே கருவியை, 1,000 பேரில் 300 பேருக்குத் தொற்றுள்ள ஒரு நெருக்கமான நகர்ப் பகுதிக்குக் கொண்டு செல்க. 270 பேர் சரியாகவும், 14 பேர் தவறாகவும் கோடு பெறுவர். இப்பொழுது நூற்றுக்கு 95 பேர் மெய்யான நோயாளிகள். கருவியில் ஓர் அணுவும் மாறவில்லை. சுற்றியிருந்த மக்கள் கூட்டம் மாறிவிட்டது. முதல் கணக்கில், காய்ச்சலின் முதல் வாரத்து உணர்திறனைப் போட்டுப் பாருங்கள். 10 பேரில் 3 பேர்தான் அகப்படுவர். தவறாக அகப்படும் 20 பேர் குறையமாட்டார்கள்.

இக்கணக்கை வகுப்பறைப் பயிற்சி என்று தள்ளிவிடல் ஆகாது. 2020 மார்ச் இறுதியில் இத்தீவுகளில் முதல் கொரோனா தொற்றுகள் தெரியவந்தபோது, 3,80,000 பேரைக் கொண்ட ஒன்றியப் பகுதியில் நோய் மிக அரிதாகவே இருந்தது. எதிர்ப்பொருள் விரைவுச் சோதனை மிகவும் தடுமாறும் நிலை இதுவே. இதற்கு நேர்மாறாக, நோய் அரிதாக உள்ள இடத்திலேயே சிறப்பாகப் பயன்படும் மற்றொரு முறை உண்டு. பலருடைய மாதிரிகளை ஒன்றாகக் கலந்து, கலவையை ஒருமுறை ஆர்.டி.பி.சி.ஆர். சோதனைக்கு உட்படுத்துவது. கலவையில் வைரஸ் இல்லையேல் அனைவரும் தொற்றற்றவர். இருப்பின், அக்கலவையைச் சேர்ந்தவர்களை மட்டும் தனித்தனியே சோதித்தால் போதும். ஆராய்ச்சிக் கழகம் 2020 ஏப்ரல் 13 அன்று இதற்கான நெறியை வெளியிட்டது: தொற்று 2 விழுக்காட்டிற்குக் குறைவாக உள்ள இடங்களில், ஐந்து மாதிரிகளுக்கு மேற்படாமல் கலக்கலாம். அந்தமான் நிர்வாகம் அம்மாதமே இம்முறையைக் கையாண்டு, சோதனைப் பொருள்களின் செலவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்ததாகத் தெரிவித்தது.

நான்கில் ஒரு பங்கு என்பது மிகைக்கூற்றோ என்று ஐயுறுவோர் நம் 1,000 பேர் கணக்கிற்கே திரும்பட்டும். ஐவர் வீதம் கலந்தால் 200 கலவைகள், 200 சோதனைகள். தொற்றுள்ள 10 பேரும் வெவ்வேறு கலவைகளில் இருந்தாலும் 10 கலவைகளே அகப்படும். அவற்றைச் சேர்ந்த 50 பேரைத் தனித்தனியே சோதிக்க வேண்டும். மொத்தம் 250. ஆயிரத்தில் நான்கில் ஒரு பங்கு சரியாகவே வந்துவிட்டது. துல்லியத்தைப் பெரிதும் விட்டுக்கொடுக்காமலே சிக்கனம் கிடைத்தது. பெருநிலப் பகுதியிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் வர வேண்டிய பொருள்களைக் கொண்டு வேலை செய்வோர்க்கு இதன் அருமை தெரியும். விரைவு என்பது கருவியில் மட்டும் இருப்பதன்று. முறையிலும் உண்டு என்பதற்கு இதனை நான் மாணவர்களிடம் எப்போதும் எடுத்துக்காட்டுவேன்.

தவறான கோட்டின் விலை எல்லோருக்கும் ஒன்றன்று என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய அந்தமானியர் என்னும் பழங்குடியினர் இன்று ஏறத்தாழ ஐம்பது பேர் என்ற அளவிலேயே எஞ்சியுள்ளனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னரும் வெளியாரிடமிருந்து வந்த தொற்று நோய்கள் அவ்வினத்தைச் சிதைத்த வரலாறு நீங்கள் அறிந்ததே. 2020 ஆகஸ்டில் அவர்களுள் 10 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியாயிற்று. ஸ்ட்ரெயிட் தீவில் வாழ்ந்தவரும் அவருள் அடங்குவர். இத்தகைய சமூகத்திற்குள் செல்லும் பணியாளர் ஒருவருக்கு, காய்ச்சல் கண்ட இரண்டாம் நாள் எதிர்ப்பொருள் சோதனை செய்து, கோடு இல்லை என்று படகில் ஏற்றுவது எத்துணை ஆபத்து! மறுபுறம், நாம் எடுத்துக்கொண்ட 98 விழுக்காட்டுக் கருவியால் ஐம்பது பேரையும் சோதித்தால், நோயற்ற ஒருவராவது தவறாக அகப்படுவார் என்றே சராசரிக் கணக்குச் சொல்கிறது. அவரைத் தம் மக்களிடமிருந்து பிரித்து நகர மருத்துவமனைக்குக் கொண்டுவருவோம். மெய்யான நோயாளிகள் இருக்கும் கூடத்தில், இல்லாத நோயை அவர் அங்கே பெறவும் கூடும்.

மூன்றாவது இடர், வேறொருவனைக் கண்டு எழும் கூச்சல். சிங்கப்பூரில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இதனை நன்கு விளக்கும். 2020 தொடக்கத்தில் அங்குக் காய்ச்சலுடன் வந்த இருவருக்கு டெங்கு விரைவுச் சோதனையில் கோடு தோன்றியது. டெங்கு நோயாளிகளாகவே நடத்தப்பட்டனர். உடல்நிலை தேறாமையால் மேலும் ஆராய்ந்தபோது இருவருக்கும் இருந்தது கொரோனா என்பது தெரிந்தது. முந்தைய இரத்தத்தை மீண்டும் சோதித்ததில் டெங்கு இல்லை என்றே விடை வந்தது. அவ்வாண்டு மார்ச்சில் மருத்துவ இதழொன்றில் இந்நிகழ்ச்சி வெளியாயிற்று. வசதி மிக்க மருத்துவமனைகளும் திறமை மிக்க ஆய்வுக்கூடங்களும் உள்ள நகரிலேயே இவ்வாறெனின், ஒரு மருத்துவரும் இரு செவிலியரும் உள்ள தீவு நிலையத்தில் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்விடத்தில்தான் டிக்லிபூர் மீண்டும் வருகிறது. ஒரு விவசாயி, மழைநீர் தேங்கிய வயலில் வேலை செய்தவர், மூன்று நாள் காய்ச்சலுடன் வருகிறார் என்க. டெங்கு ஐ.ஜி.எம். அட்டையில் மங்கலான கோடு. டெங்குவைத் தீர்க்கும் தனி மருந்து எதுவும் இல்லையாதலால், நீர்ச்சத்தும் ஓய்வும் கூறி, இரத்தத் தட்டணுக்களை மறுநாள் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுகிறோம். அவருக்கு இருந்தது எலிக்காய்ச்சலாயின்? அதற்கோ பென்சிலினும் டாக்சிசைக்கிளினும் கைவசம் உள்ளன, விலையும் மலிவு, தொடக்கத்தில் கொடுப்பதே பெரும்பயன். நுரையீரலில் இரத்தம் கசியத் தொடங்கிய பின் காலம் கடந்துவிடும். தவறான எதிர்மறை விடையைப் பற்றி மட்டுமே நாம் அஞ்சப் பழகியுள்ளோம். தீவுகளில், தவறான நேர்மறை விடையும் உயிரைக் குடிக்கும். ஒரு நோயின் பெயர் கிடைத்தவுடன் மற்ற நோய்களைத் தேடும் மனம் ஓய்ந்துவிடுவதே அதற்குக் காரணம்.

எலிக்காய்ச்சலுக்கும் எதிர்ப்பொருள் விரைவுச் சோதனை உண்டே, இரண்டையும் செய்துவிடலாமே என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் அங்கும் பழங்கூச்சல் குறுக்கிடுகிறது. அந்தமானில் விவசாயிகள், கழிவுநீர்ப் பணியாளர், கால்நடை பராமரிப்போர் போன்று தொற்றுக்கு எளிதில் ஆட்படும் தொழிலினரை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வொன்றில், பாதிக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் லெப்டோஸ்பைரா எதிர்ப்பொருள் காணப்பட்டது. அவர்கள் நோயாளிகள் அல்லர், வேலை செய்துகொண்டிருந்தவர்கள். எப்பொழுதோ வந்து போன தொற்றின் நினைவு அது. இத்தகைய ஊரில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்பதால் இன்றைய காய்ச்சலுக்கு அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆய்வாளர் இதற்குக் கண்ட வழி பழையது, மெதுவானது, ஆயினும் உறுதியானது. நோயின் தொடக்கத்தில் ஒரு மாதிரி, பத்துப் பதினைந்து நாட்கள் கழித்து மற்றொரு மாதிரி. எதிர்ப்பொருளின் அளவு நான்கு மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்திருந்தால், இப்போதைய நோய் அதுவே. விரைவு அட்டை 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டையே சொல்ல வல்லது. ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை அது அறியாது.

டெங்குவைப் பொறுத்தவரை தேசியத் திட்டத்தின் நெறி தெளிவானது. காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில் என்.எஸ்.1 என்னும் வைரஸ் புரதத்தை எலைசா முறையில் தேடுதல் வேண்டும். ஐந்து நாட்களுக்குப் பின் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளை, அதனையும் எலைசா முறையில், தேடுதல் வேண்டும். விரைவுச் சோதனையை மட்டும் நம்பி நோயை உறுதி செய்தல் கூடாது. அதில் கோடு தோன்றியவரை 'இருக்கக்கூடும்' என்ற வகையில் மட்டுமே சேர்க்க வேண்டும். இந்நெறி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். மேசை இழுப்பறையிலோ தனியார் கடையில் வாங்கிய அட்டைப் பெட்டி இருக்கும். நோயாளியும் அவர் சுற்றத்தாரும் இன்றே விடை வேண்டுமென்று நிற்கையில் மருத்துவர் எதனைத் திறப்பார் என்பதை நாம் அறிவோம். அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. எலைசாவை அவருக்கு அருகில் கொண்டு செல்லாமல், விரைவு அட்டையைத் தொடாதே என்று சுற்றறிக்கை விடுப்பது அரைக் கடமையே ஆகும்.

அட்டையைக் கையாளுவதிலும் தீவுகளுக்கே உரிய தொல்லைகள் உண்டு. பெரும்பாலான அட்டைகள் 30 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெப்பத்தில் வைக்கப்பட வேண்டியவை. கப்பல் தளத்தில் வெயிலில் கிடக்கும் பெட்டிக்குள் அவ்வெப்பம் எளிதில் மீறப்படும். பட்டை ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது. உறையைக் காலையில் மொத்தமாகப் பிரித்து வைத்துவிட்டு, நோயாளிகள் வர வர எடுத்துப் பயன்படுத்துவது கடற்காற்று வீசும் ஊரில் பெரும்பிழை. குறித்த நிமிடங்களுக்குப் பின்னர் தோன்றும் மங்கற் கோட்டை விடையாகக் கொள்வதும் பிழையே. இவை சிறு செய்திகள்தாம். 6க்கும் 71க்கும் இடையே உள்ள தூரத்தில் இவற்றிற்கும் ஒரு பங்கு இருத்தல் கூடும்.

இவ்வளவும் கேட்டபின் எதிர்ப்பொருள் சோதனையே பயனற்றது என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. ஒரு தனியாளுக்கு இன்று என்ன நோய் என்று கேட்டால் அது தடுமாறும். ஓர் ஊரில் இதுவரை எத்தனை பேருக்குத் தொற்று வந்து போயிற்று என்று கேட்டால் சிறப்பாக விடை கூறும். தங்கி நிற்கும் நினைவு, நோயறிதலில் குறையாகவும் மக்கள் கணக்கெடுப்பில் குணமாகவும் அமைகிறது. 2020 மே, ஜூன் மாதங்களில் நாடு முழுவதும் 70 மாவட்டங்களில் 28,000 பேரைக் கொண்டு நடத்திய எதிர்ப்பொருள் ஆய்வை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அதில் விரைவு அட்டையை நம்பவில்லை. புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் உருவாக்கிய எலைசாவைப் பயன்படுத்தினர். அதோடும் நிற்கவில்லை. நோய் மிக அரிதாக இருந்த நேரமாதலால், முதற்சோதனையில் எதிர்ப்பொருள் உண்டெனப் பெற்றவர்களின் இரத்தத்தை வேறொரு எலைசாவாலும் சோதித்தனர். இரண்டிலும் உண்டெனப் பெற்றவரையே கணக்கில் எடுத்து, தொற்று அடைந்த பெரியவர்கள் 0.73 விழுக்காடு என மதிப்பிட்டனர். முன்னர் நாம் போட்ட 29க்கு 9 என்ற கணக்கை மனத்தில் கொண்டு நோக்கினால், இரண்டாம் சோதனை ஏன் தேவைப்பட்டது என்பது தானே விளங்கும்.

இடையில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். வினாத்தாள்களிலும் இதனை மாணவர்கள் குழப்பிக்கொள்கின்றனர். 2020 ஜூன் 14 அன்று ஆராய்ச்சிக் கழகம் இசைவளித்த விரைவுச் சோதனை, எதிர்ப்பொருள் சோதனை அன்று, ஆன்டிஜென் சோதனை. மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸின் புரதத்தையே அது தேடுகிறது. மதிப்பீட்டில் அதன் பிரித்தறியும் திறன் 99.3 முதல் 100 விழுக்காடு; உணர்திறன் 50.6 முதல் 84 விழுக்காடு வரை. ஆகவே அதில் கோடு தோன்றினால் நோய் உண்டு எனக் கொள்ளலாம். அறிகுறியுள்ளவருக்குக் கோடு தோன்றாவிடின் ஆர்.டி.பி.சி.ஆர். செய்தே தீர வேண்டும் என்று நெறி வகுக்கப்பட்டது. தோற்றத்தில் இரண்டு அட்டைகளும் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. ஒன்று திருடனைத் தேடுவது. மற்றது கூச்சலைத் தேடுவது.

அலுவலர்களாகிய உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. பெரும் நிதி தேவைப்படாதவை.

முதலாவது, காய்ச்சல் சோதனைப் பதிவேட்டைப் பற்றியது. நோயாளியின் பெயர், வயது, ஊர், சோதனை நாள், விடை ஆகியவற்றிற்குக் கட்டங்கள் உண்டு. காய்ச்சல் தொடங்கிய நாள் எது என்ற கட்டம் பல பதிவேடுகளில் இல்லை. இருக்குமிடத்தில் வெறுமையாய்க் கிடக்கிறது. அக்கட்டம் நிரப்பப்படாத விடை, மேலே சொன்ன 30.1க்கும் 91.4க்கும் இடையே எங்கும் இருக்கலாம். ஆண்டிறுதியில் தலைநகருக்கு அனுப்பும் புள்ளிவிவரத்தில் அந்த ஐயம் மறைந்துபோய், எண் மட்டும் உறுதியானது போல் நிற்கும். அந்த எண்ணைக் கொண்டே கொசு ஒழிப்புக்கு எவ்வளவு, எலிக்காய்ச்சல் தடுப்புக்கு எவ்வளவு என்று அடுத்த ஆண்டின் நிதியைப் பங்கிடுகிறோம்.

இரண்டாவது, இரண்டாம் இரத்த மாதிரி. காய்ச்சல் தணிந்து வயலுக்கோ மீன்பிடிக்கவோ திரும்பிவிட்டவரை மீண்டும் அழைத்து இரத்தம் கேட்பது எளிதன்று. குணமானவன் எதற்காக ஊசி குத்திக்கொள்ள வேண்டும் என்று அவர் கேட்பது நியாயமே. ஊர்த் தலைவரிடமும் நிக்கோபாரில் கிராமக் கேப்டனிடமும் முன்னரே பேசி வைத்தால் இது நடக்கும். அம்மாதிரியை ஊநீராகப் பிரித்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, கப்பல் புறப்படும் நாளுக்குள் துறைமுகத்தில் சேர்க்க வேண்டும். இவ்வேலையை யார் செய்வது என்பது பல நிலையங்களில் இன்னும் எவர் பெயரிலும் எழுதப்படவில்லை. நீங்கள் பணியில் சேரும் நிலையத்தில் முதல் வாரத்திலேயே அப்பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் இல்லையென்று அறிந்தால், கப்பல் அட்டவணையையும் குளிர்ப்பெட்டியையும் வைத்துக்கொண்டு நீங்களே ஒரு பெயரை எழுதிவிடுங்கள்.